குற்றப் பதிவை நீக்கும் அமெரிக்க மாநிலச் சட்டங்கள்: மாற்றங்கள் குறித்த கேள்வி பதில்

தண்டனை முடிந்து பத்தாண்டு கழிந்த பிறகும் வாடகை வீடு, வேலை, தொழில் உரிமம் என ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பழைய வழக்கு எட்டிப்பார்க்கிறது. அமெரிக்காவில் இதைச் சரிசெய்யும் அதிகாரம் பெரும்பாலும் மாநிலங்களிடம் இருக்கிறது. 2018 முதல் ஒவ்வொரு சட்டமன்றக் கூட்டத்தொடரிலும் ஏதாவது ஒரு மாநிலத்தில் இதற்கான மசோதா வந்துகொண்டே இருக்கிறது. அந்த மசோதாக்கள் என்ன மாற்றுகின்றன, எதை மாற்றாமல் விடுகின்றன, நடைமுறையில் எங்கே சிக்கிக்கொள்கின்றன என்பதை இங்கே தொகுத்திருக்கிறோம். கிரீன் கார்டிலோ விசாவிலோ இருப்பவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் குடியேற்றம் பற்றிய கேள்விகளைப் படித்துவிடுங்கள்.

“குற்றப் பதிவு” என்பது ஒரே இடத்தில் இருக்கும் ஒரு கோப்பா?

இல்லை. சிக்கலில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. கைது செய்த காவல் நிலையத்தில் ஒரு கோப்பு, வழக்கு நடந்த நீதிமன்றத்தில் ஒன்று, அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒன்று, சிறை அல்லது புரொபேஷன் (சிறைக்குப் பதிலான நன்னடத்தைக் கண்காணிப்பு) துறையில் ஒன்று, கைரேகையோடு சேர்த்து மாநிலக் காவல்துறையின் மையக் களஞ்சியத்தில் ஒன்று, அங்கிருந்து எஃப்.பி.ஐ.க்குப் போன பிரதி ஒன்று. இவை போதாதென்று, நீதிமன்றத் தரவை மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் தனியார் பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனங்கள் பல. ஒரு சட்டம் “பதிவு நீக்கப்படும்” என்று சொன்னால், இவற்றில் எந்தெந்தப் பிரதியை அது தொடுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பதிவை அழிப்பதும் மூடி வைப்பதும் ஒன்றா?

அழித்தால் கோப்பே இல்லாமல் போகும், அல்லது மிகச் சிலர் மட்டும் பார்க்கும்படி தனியே வைக்கப்படும். மூடி வைத்தால் பொதுமக்கள், வீட்டு உரிமையாளர், சாதாரண வேலை தருபவர் ஆகியோர் கண்ணுக்குத் தெரியாது. காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் தெரியும். மிச்சிகன் மூன்றாவது வழியில் போகிறது: தீர்ப்பையே விலக்கிவிட்டு, பதிவைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடுகிறது. டெக்சாஸில் அழிப்புக்குத் தனிச் சட்டம், வெளியிடாமைக்குத் தனி உத்தரவு. பென்சில்வேனியாவில் தண்டனை பெற்ற வழக்கை முழுதாக அழிப்பது அரிது. சிறு மீறல்களுக்கு 5 ஆண்டு கைதின்றி இருந்தால், 70 வயதைக் கடந்து 10 ஆண்டு கைதின்றி இருந்தால், ஆளுநரின் மன்னிப்பு கிடைத்தால் என்று சில வழிகள்தான் உண்டு. மற்றவை மூடத்தான் படும்.

மசோதாவின் தலைப்பைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். “அழிப்பு” என்று தலைப்பிட்ட மசோதா உள்ளே மூடுவதை மட்டும் தருவது உண்டு.

இந்த மாற்றங்கள் எல்லாம் எதைக் குறிவைக்கின்றன?

பழைய முறையில் தகுதி உள்ளவர் மனுப் போட வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், விசாரணைக்குப் போக வேண்டும். புதிய மசோதாக்களின் மையக் கருத்து, காலக்கெடு முடிந்ததும் கணினியே தகுதியானவர்களைக் கண்டுபிடித்து மூடிவிட வேண்டும் என்பது. அமெரிக்காவில் இதை “கிளீன் ஸ்லேட்” சட்டம் என்கிறார்கள். 2018இல் பென்சில்வேனியா முதலில் இயற்றியது. பிறகு யூட்டா, நியூ ஜெர்சி, மிச்சிகன், கனெக்டிகட், டெலவேர், வர்ஜீனியா, ஓக்லஹோமா, கொலராடோ, கலிபோர்னியா, மினசோட்டா, நியூயார்க் ஆகியவை வெவ்வேறு அளவில் தொடர்ந்தன.

இதோடு வேறு திருத்தங்களும் சேர்ந்து வருகின்றன. காத்திருக்கும் ஆண்டுகளைக் குறைப்பது, சில ஃபெலனிகளையும் (கடுமையான குற்றங்களையும்) சேர்ப்பது, அபராத பாக்கி இருந்தாலும் மூட அனுமதிப்பது, தள்ளுபடியான வழக்குகளை உடனே நீக்குவது, கஞ்சா சட்டபூர்வமான மாநிலங்களில் பழைய கஞ்சா வழக்குகளைத் துடைப்பது ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

மனுப் போடும் வழி ஏற்கெனவே இருக்கும்போது தானியங்கி முறை எதற்கு?

வழி இருந்தும் பெரும்பாலானோர் அதில் நடக்கவில்லை என்பதற்காக. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜே. ஜே. பிரெஸ்காட்டும் சோன்யா ஸ்டாரும் செய்து 2020இல் ஹார்வர்ட் லா ரிவ்யூவில் வெளிவந்த ஆய்வு இதை எண்ணிக்கையோடு காட்டியது. தகுதி பெற்ற 5 ஆண்டுக்குள் பதிவை நீக்கிக்கொண்டவர்கள் 6.5 சதவீதம் மட்டுமே. நீக்கிக்கொண்டவர்களின் ஊதியம் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 20 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. அவர்கள் மறுபடி குற்றம் செய்த விகிதமும் மிகக் குறைவு. நன்மை நிரூபணமாகியும் நூற்றில் தொண்ணூற்று மூன்று பேருக்கு மேல் வெளியே நின்றார்கள் என்றால், தடை தகுதியில் இல்லை, நடைமுறையில் இருக்கிறது. எந்த மசோதாவையும் இந்தக் கண்ணால்தான் எடைபோட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மிச்சிகன் சட்டம் எப்படி வேலை செய்கிறது?

மற்ற மாநிலங்கள் மசோதா எழுதும்போது திரும்பிப் பார்க்கும் சட்டம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். 2020 அக்டோபரில் கையெழுத்தான தொகுப்பு இது. மனு வழி 2021 ஏப்ரல் 11இலும் தானியங்கி வழி 2023 ஏப்ரல் 11இலும் தொடங்கின.

மனு வழியில் 3 ஃபெலனி வரை நீக்கலாம். மிஸ்டிமீனர்களுக்கு, அதாவது ஃபெலனியைவிடக் குறைந்த நிலைக் குற்றங்களுக்கு, எண்ணிக்கை வரம்பு இல்லை. மிஸ்டிமீனர் மட்டும் இருந்தால் 3 ஆண்டு, ஒரு ஃபெலனி அல்லது “கடுமையான மிஸ்டிமீனர்” இருந்தால் 5 ஆண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட ஃபெலனி இருந்தால் 7 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆண்டுக் கணக்கு தீர்ப்பு நாளிலிருந்துதான் ஓடும் என்று பலர் நினைத்து அவசரப்பட்டு மனுப் போடுகிறார்கள். தண்டனை விதித்த நாள், சிறையிலிருந்து வெளிவந்த நாள், புரொபேஷன் முடிந்த நாள், பரோல் முடிந்த நாள் ஆகியவற்றில் எது கடைசியோ அதிலிருந்துதான் கணக்கு. மனு மறுக்கப்பட்டால் அதே தீர்ப்புக்காக மீண்டும் மனுப் போட வழக்கமாக 3 ஆண்டு காத்திருக்க நேரும். ஆகவே முன்கூட்டிப் போடுவது நஷ்டம்.

ஒரே 24 மணி நேரத்துக்குள் ஒரே சம்பவத்தில் விளைந்த பல குற்றங்களை ஒன்றாக எண்ணும் விதியும் உண்டு. ஆயுதம் வைத்திருந்தது, தாக்கியது போன்றவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களும் பெரும்பாலான பாலியல் குற்றங்களும் நீக்கப்படா. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய முதல் குற்றத்தை 2022 பிப்ரவரி 19 முதல் மனு மூலம் நீக்கலாம். விபத்தில் யாருக்கும் மரணமோ பலத்த காயமோ நேர்ந்திருக்கக் கூடாது. அது தானாக நீங்காது.

தானியங்கி வழி இன்னும் குறுகலானது. 93 நாள் அல்லது அதற்கு மேல் சிறை விதிக்கக்கூடிய மிஸ்டிமீனர்களில் 4 வரை 7 ஆண்டுக்குப் பிறகும், ஃபெலனிகளில் 2 வரை 10 ஆண்டுக்குப் பிறகும் நீங்கும். பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டிய இழப்பீட்டைக் கட்ட நேர்மையான முயற்சி எடுக்கவில்லை என்று தெரிந்தால் நீக்கிய தீர்ப்பை நீதிமன்றம் திரும்பக் கொண்டுவரலாம்.

பென்சில்வேனியாவில் என்ன மாறியது?

மூன்று கட்டமாக மாறியது. 2018ஆம் ஆண்டின் 56ஆம் சட்டம் தானாக மூடுவதைத் தொடங்கியது. 2019 ஜூன் 28 முதல் கணினி வேலை செய்கிறது. நீதிமன்ற நிர்வாகம் மாதந்தோறும் தகுதியான வழக்குகளின் பட்டியலை மாநிலக் காவல்துறைக்கு அனுப்பும். அவர்கள் சரிபார்த்த பிறகு நீதிமன்றம் உத்தரவிடும். ஆனால் அபராதமும் நீதிமன்றச் செலவும் பாக்கி இருந்தால் வழக்கு பட்டியலுக்கே வராது. ஏழைகளே அதிகம் சிக்கிக்கொண்டார்கள். 2020ஆம் ஆண்டின் 83ஆம் சட்டம் அந்தத் தடையை நீக்கி, பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டை மட்டும் கட்டியிருந்தால் போதும் என்றது. முழு விடுதலை பெற்றவர்களின் வழக்கையும் தானாக அழிக்கச் சொன்னது.

2023ஆம் ஆண்டின் 36ஆம் சட்டம் மிஸ்டிமீனருக்கான காத்திருப்பை 10 ஆண்டிலிருந்து 7 ஆகவும், சிறு மீறல்களுக்கு 10லிருந்து 5 ஆகவும் குறைத்தது. சில போதைப்பொருள் ஃபெலனிகளை 10 ஆண்டுக்குப் பிறகு தானியங்கி வழியில் சேர்த்தது. திருட்டு, போலி ஆவணம் போன்ற சில சொத்துக் குற்ற ஃபெலனிகளுக்கு மனு வழியைத் திறந்தது. ஒரு சட்டத்தை ஒரே தாவலில் முழுமையாக்க முடியாமல் திருத்தித் திருத்தி விரிவாக்கும் பாதைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நியூயார்க்?

2023 நவம்பர் 16இல் கையெழுத்தாகி, 2024 நவம்பர் 16இல் நடைமுறைக்கு வந்தது. மிஸ்டிமீனர் 3 ஆண்டு, ஃபெலனி 8 ஆண்டு கழித்து மூடப்படும். பாலியல் குற்றங்களும், போதைப்பொருள் தவிர்த்த ஏ வகுப்பு (மிகக் கடுமையான வகை) ஃபெலனிகளும் இதில் சேரா. புதிய வழக்கு நிலுவையில் இருந்தாலோ பரோலிலோ புரொபேஷனிலோ இருந்தாலோ மூடப்படாது. பழைய வழக்குகளை மூடி முடிக்க நீதிமன்றங்களுக்கு 2027 நவம்பர் 16 வரை அவகாசம் இருக்கிறது. “சட்டம் வந்துவிட்டதே, இன்னும் தெரிகிறதே” என்று கேட்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இந்த அவகாசம்தான். குழந்தைகள், முதியோர் ஆகியோரோடு பணிபுரிய கைரேகைச் சோதனை கட்டாயமான வேலைகளுக்கு மூடிய பதிவும் தெரியும்.

ஒரு மசோதாவை எப்படி வாசிப்பது?

மாநிலச் சட்டமன்றத் தளத்தில் மசோதா எண்ணைக் கொடுத்தால் முழு வாசகமும் கிடைக்கும். பெரும்பாலும் புதிதாகச் சேர்க்கும் சொற்கள் அடிக்கோடிட்டும், நீக்கும் சொற்கள் குறுக்குக் கோட்டோடோ பகர அடைப்புக்குள்ளோ இருக்கும். அந்த இரண்டை மட்டும் படித்தாலே மாற்றம் புரிந்துவிடும். பிறகு இவற்றைத் தேடுங்கள்:

- தானாக நடக்குமா, மனு வேண்டுமா? யார் மீது கடமை சுமத்தப்படுகிறது: நீதிமன்றத்தின் மீதா, காவல்துறையின் மீதா?
- காத்திருப்புக் காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது?
- இடையில் எந்த வகைப் புதிய குற்றம் கணக்கை மீண்டும் தொடங்க வைக்கும்? போக்குவரத்து மீறலும் சேருமா?
- அபராதம், கட்டணம், இழப்பீடு பாக்கி இருந்தால் என்ன?
- பழைய வழக்குகளுக்கும் பொருந்துமா, இனி வரும் வழக்குகளுக்கு மட்டுமா?
- தனியார் தரவு நிறுவனங்களுக்கு ஏதாவது கட்டாயம் உண்டா?
- “நிதி ஒதுக்கப்பட்டால்” என்ற நிபந்தனை இருக்கிறதா?

கடைசி வரியை அலட்சியம் செய்யாதீர்கள். கணினி அமைக்கப் பணமில்லாத தானியங்கிச் சட்டம் காகிதத்தில்தான் இருக்கும். மசோதாவோடு இணைந்து வரும் நிதிக் குறிப்பில் எந்தத் துறைக்கு எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிட்டிருப்பார்கள். குழு விசாரணையில் எதிர்ப்பு எங்கிருந்து வரப்போகிறது என்பதை அந்தக் குறிப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

சட்டம் நிறைவேறிய பிறகும் தாமதம் ஏன்?

வர்ஜீனியாவில் 2021இல் இயற்றிய சட்டத்துக்கு 2025 ஜூலை 1 என்று நாள் குறித்தார்கள். பிறகு 2026 ஜூலை 1க்குத் தள்ளினார்கள். வட கரோலினாவில் தள்ளுபடியான, விடுதலையான வழக்குகளைத் தானாக அழிப்பது 2021 டிசம்பரில் தொடங்கி, 2022 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டு, 2024 ஜூலை 1இல்தான் மீண்டும் ஓடியது. நியூ ஜெர்சியில் நீதிபதிகள் கையெழுத்திட்ட அழிப்பு உத்தரவுகள் மாநிலக் காவல்துறையிடம் பெருமளவில் தேங்கின; வசதியற்றவர்களுக்காக வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகமே 2023இல் வழக்குத் தொடுக்க வேண்டியதாயிற்று.

காரணம் பெரும்பாலும் தரவுதான். நீதிமன்றக் கணினி வழக்கு எண்ணையும் பெயரையும் வைத்து நடக்கிறது. காவல்துறைக் களஞ்சியம் கைரேகையை வைத்து நடக்கிறது. இரண்டையும் இணைக்கும் எண் பல பழைய வழக்குகளில் இல்லை. கைது பதிவாகியிருக்கும், வழக்கு எப்படி முடிந்தது என்பது பதிவாகியிருக்காது. குற்றத்தின் நிலை குறிக்கப்படாமல் விடப்பட்டிருக்கும். சம்மன் மட்டும் கொடுத்து அனுப்பியதால் கைரேகையே எடுத்திருக்க மாட்டார்கள். இவற்றில் எது நேர்ந்தாலும் கணினி “தகுதி தெரியவில்லை” என்று அந்த வழக்கைத் தாண்டிப் போய்விடும். யாரும் உங்களுக்குக் கடிதம் எழுத மாட்டார்கள்.

தமிழ்ப் பெயர்களால் தனிச் சிக்கல் உண்டா?

உண்டு. கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க ஆவணங்களில் முதற்பெயர் இடத்தில் “எஃப்.என்.யூ.” என்று விழும், முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. தந்தை பெயர் ஒரு ஆவணத்தில் குடும்பப் பெயராகவும் இன்னொன்றில் தலைப்பெழுத்தாகவும் இருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் முன்பின் மாறியிருக்கும். கைது அறிக்கையை எழுதிய அதிகாரி நீளமான பெயரை வெட்டியிருப்பார். பெயரையும் பிறந்த தேதியையும் பொருத்தும் கணினிக்கு இவர்கள் இரண்டு மூன்று வெவ்வேறு ஆட்கள். உங்கள் பெயரின் எல்லா வடிவங்களிலும் நீதிமன்றத் தளத்தில் தேடிப் பாருங்கள். மனுவில் “வேறு பெயர்கள்” என்ற இடத்தில் அத்தனையையும் எழுதுங்கள். தானியங்கி முறையை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

மனுப் போடுவதென்றால் படிகள் என்ன?

முதலில் பதிவை வரவழையுங்கள். மாநிலக் காவல்துறையின் வரலாற்று அறிக்கை ஒன்று, வழக்கு நடந்த ஒவ்வொரு நீதிமன்றத்தின் வழக்குக் குறிப்பு ஒன்று, எஃப்.பி.ஐ. அறிக்கை ஒன்று. எஃப்.பி.ஐ.க்குக் கட்டணம் 18 டாலர், கைரேகை வேண்டும். மூன்றையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகச் சட்டப் பிரிவு, நிலை, முடிவு, தண்டனை முடிந்த நாள், பாக்கித் தொகை என்று அட்டவணை போடுங்கள். வழக்கு என்று எண்ணாமல் குற்றச்சாட்டு என்று எண்ணுவது முக்கியம். ஒரே வழக்கில் இரண்டு தள்ளுபடியாகி ஒன்றில் தண்டனை கிடைத்திருக்கலாம். சில மாநிலங்கள் தள்ளுபடியானதை மட்டும் தனியே நீக்க விடும், சில விடாது.

அடுத்து, எந்த மனுவையும் கொடுப்பதற்கு முன், நீதிமன்ற எழுத்தரிடம் சான்றளிக்கப்பட்ட பிரதிகளை வாங்குங்கள்: குற்றப்பத்திரிகை, ஒப்புதல் ஆவணம், தீர்ப்பு, வழக்கு முடிவு. பதிவு அழிந்த பிறகு அவற்றை யாராலும் தர முடியாமல் போகலாம். அவற்றை வாழ்நாள் முழுக்கப் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு மாநிலத்தின் படிவம். மிச்சிகனில் எம்.சி. 227 படிவம், சான்றளித்த தீர்ப்பு நகல், கைரேகை அட்டை, மாநிலக் காவல்துறைக்கு 50 டாலர். நகல்கள் அட்டர்னி ஜெனரலுக்கும் (மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கும்) அரசு வழக்கறிஞருக்கும் போக வேண்டும். பென்சில்வேனியாவில் அழிப்பு மனுவோடு மாநிலக் காவல்துறை அறிக்கையை இணைக்க வேண்டும். மனுத் தாக்கலுக்கு முந்தைய 60 நாளுக்குள் பெற்றதாக அது இருக்க வேண்டும். பழைய அறிக்கையை இணைத்துத் திருப்பி அனுப்பப்படும் மனுக்கள் ஏராளம். அரசு வழக்கறிஞருக்கு ஆட்சேபிக்க 60 நாள் அவகாசம் உண்டு.

விசாரணை வைத்தால் நேரில் போங்கள். வேலைச் சான்று, படிப்பு, சிகிச்சை முடித்த சான்று, இழப்பீடு கட்டிய ரசீது ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். நீதிபதிக்குத் தன்விருப்ப அதிகாரம் உள்ள மாநிலங்களில் இவைதான் தீர்மானிக்கும்.

உத்தரவு கிடைத்ததோடு வேலை முடியாது. மூன்று மாதம் கழித்து மாநில அறிக்கையையும் எஃப்.பி.ஐ. அறிக்கையையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். எஃப்.பி.ஐ. தானாக மாற்றாது, மாநிலக் களஞ்சியம் தகவல் அனுப்பினால்தான் மாறும்.

தனியார் நிறுவனங்களிடம் உள்ள பிரதி?

மாநில உத்தரவு அவர்களுக்கு அனுப்பப்படுவதில்லை. அவர்கள் ஆறு மாதம் முன்பு வாங்கிய தரவையே இன்னும் விற்றுக்கொண்டிருக்கலாம். இங்கே உதவுவது நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் என்ற கூட்டாட்சிச் சட்டம். அறிக்கை இயன்றவரை துல்லியமாக இருக்கும்படி நியாயமான நடைமுறைகளை வைத்திருக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. தவறு என்று நீங்கள் எழுதினால் பொதுவாக 30 நாளில் விசாரித்துத் திருத்த வேண்டும். நீதிமன்ற உத்தரவின் நகலை இணைத்து, அத்தாட்சித் தபாலில் அனுப்புங்கள். தண்டனையில் முடியாத கைது 7 ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால், பெரும்பாலான அறிக்கைகளில் அதைச் சொல்லவே கூடாது.

செய்தித்தாள்களின் கதை வேறு. உண்மையாக வெளியான செய்தியைப் பின்னாளைய அழிப்பு பொய்யாக்கிவிடாது என்று 2015இல் இரண்டாம் வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே இணையச் செய்தியை எடுக்கும்படி சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது, கேட்டுப் பார்க்கலாம். பாஸ்டன் குளோப் 2021இல் இதற்கென்றே ஒரு விண்ணப்ப முறையைத் தொடங்கியது. மசோதாக்களில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி இந்தத் தனியார் தரவுதான். இதைத் தொடாத சட்டம் அரைச் சட்டம்.

பதிவு நீங்கிவிட்டால் குடியேற்றத் துறைக்கும் நீங்கியதாகுமா?

இல்லை. குடியேற்றச் சட்டம் “தண்டனைத் தீர்ப்பு” என்பதற்குத் தனி வரையறை வைத்திருக்கிறது. 1996இல் நாடாளுமன்றம் சேர்த்தது அது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்தால் போதும், அது தீர்ப்புதான். மாநிலத்தின் கருணையால் பின்னால் அழித்தாலும் குடியேற்றத்துக்கு அது நிற்கிறது என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1999இல் ரோல்டான் வழக்கில் முடிவு செய்தது. டெக்சாஸில் “தீர்ப்பு ஒத்திவைப்பு” பெற்று, எனக்குத் தண்டனையே இல்லை என்று நம்பியிருப்பவர்களுக்கும் இதே நிலை.

குடியுரிமைக்கான என்-400 படிவம் அழிக்கப்பட்ட, மூடப்பட்ட சம்பவங்களையும் சொல்லச் சொல்கிறது. விசாவுக்கான டி.எஸ்.-160 படிவமும் மன்னிப்புப் பெற்றிருந்தாலும் கைதைச் சொல்லக் கேட்கிறது. “நீதிபதி அழித்துவிட்டார், இல்லை என்று சொல்லலாம்” என்ற அறிவுரை சாதாரண வேலை விண்ணப்பத்துக்குச் சரியாக இருக்கலாம். இந்தப் படிவங்களில் அப்படி எழுதினால் பொய்யுரைத்த குற்றம் தனியாகச் சேரும், அது பழைய வழக்கைவிட மோசமாகப் போய் முடியும். கடைத் திருட்டு பொதுவாக ஒழுக்கக் கேடான குற்றம் என்று கருதப்படும். குடித்து வண்டி ஓட்டிக் கைதானால் வழக்கு முடியும் முன்பே வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்வது உண்டு; பின்னால் பதிவை மூடுவது அந்த விசாவைத் திருப்பித் தராது.

அப்படியானால் குடிமகன் அல்லாதவருக்கு வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் வேறு வழி. வழக்கில் சட்டப் பிழையோ நடைமுறைப் பிழையோ இருந்து அதற்காகத் தீர்ப்பு ரத்தானால் குடியேற்றச் சட்டமும் ஏற்கும். 2003இல் பிக்கரிங் வழக்கில் வாரியம் சொன்ன பிரிவினை இது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டு என்று வழக்கறிஞர் சொல்லியாக வேண்டும் என 2010இல் பாடில்லா எதிர் கென்டக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிபோர்னியா 2017 முதல், தண்டனை முடிந்து வெளியே வந்தவரும் இந்தக் காரணத்தால் தீர்ப்பை ரத்து செய்யக் கோர 1473.7ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறது. ஆளுநரின் முழு மன்னிப்பும் சில வகை நாடு கடத்தலைத் தடுக்கும். போதைப்பொருள் வழக்குகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இதில் வரிசை முக்கியம். முதலில் சான்றளித்த நகல்கள், அடுத்து குடியேற்ற வழக்கறிஞரின் ஆலோசனை, அதற்குப் பின்தான் அழிப்பு மனு. நீதிமன்றம் கோப்பை அழித்த பிறகு குடியேற்ற அதிகாரி தீர்ப்பு நகலைக் கேட்டால், உங்கள் குற்றம் சிறியதுதான் என்று நிரூபிக்கும் ஒரே ஆவணம் உங்கள் கையில் இல்லாமல் போகும். தானாக மூடும் மாநிலங்களில் நீங்கள் கேட்காமலே இது நடந்துவிடலாம் என்பதால், நகல் வாங்குவதை இன்றே செய்யுங்கள். மூடுவதற்கு முன் சம்பந்தப்பட்டவர் தன் கோப்பைப் பெறும் உரிமையை மசோதாவிலேயே எழுதும்படி உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.

கூட்டாட்சி வழக்குகளும் மாநிலச் சட்டத்தால் நீங்குமா? துப்பாக்கி உரிமை?

கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்பை மாநிலம் தொட முடியாது. பொதுவான கூட்டாட்சி அழிப்புச் சட்டம் இல்லை. சிறு அளவு போதைப்பொருள் வைத்திருந்த, 21 வயதுக்குட்பட்ட முதல் குற்றவாளிக்கு மட்டும் ஒரு குறுகிய பிரிவு உண்டு. துப்பாக்கி உரிமை மாநில உத்தரவின் வாசகத்தைப் பொறுத்தது. அதைத் தனியே விசாரித்துக்கொள்ளாமல் துப்பாக்கியைத் தொட வேண்டாம்.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறதா?

சிலவற்றில் இருக்கிறது. நீதிமன்றப் பதிவுகள் பொதுவில் இருப்பது நீதித்துறையையும் காவல்துறையையும் கண்காணிக்க உதவுகிறது என்பது பத்திரிகையாளர்களின் வாதம். மூடிய வழக்குகளின் எண்ணிக்கையையும் வகையையும் பெயரின்றி ஆண்டுதோறும் வெளியிடச் சொல்வது இதற்கு நல்ல ஈடு. பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்குத் தெரியாமலே பதிவு மூடப்படுவதை எதிர்க்கிறார்கள். இழப்பீடு கட்டப்படாத வழக்குகளில் அவர்கள் குரலுக்கு எடை தர வேண்டும். பின்னால் பிரச்சினை வந்தால் ஏன் விசாரிக்கவில்லை என்று எங்கள் மீது வழக்கு வருமே என்பது நிறுவனங்களின் பயம். மூடிய பதிவை அறியாமல் வேலை தந்தவருக்குப் பொறுப்பில்லை என்று பென்சில்வேனியா எழுதியது. இந்த வரியைச் சேர்த்தால் அந்த எதிர்ப்பு பெருமளவு அடங்கிவிடும்.

“தானாக மூடினால் திருந்தாதவர்களும் தப்பிப்பார்கள்” என்ற வாதத்தை மட்டும் எங்களால் ஏற்க முடியவில்லை. சட்டம் சொல்லும் ஆண்டுகள் முழுதும் புதிய குற்றமின்றி வாழ்ந்தவருக்குத்தான் கதவு திறக்கிறது, காவல்துறைக்குப் பதிவு மறைவதும் இல்லை.

என் மாநிலத்தில் மசோதா நிலுவையில் இருக்கிறது. அது வரும்வரை காத்திருக்கலாமா?

இன்றைய சட்டத்தில் தகுதி இருந்தால், நகல்களை வாங்கிக்கொண்டு, குடிமகனாக இருப்பின் இன்றே மனுப் போடுங்கள். மசோதா குழுவிலேயே நின்றுவிடலாம். நிறைவேறினாலும் கணினி தயாராக ஆண்டுகள் ஆகலாம். இன்றைய சட்டத்தில் தகுதி இல்லாமல், மசோதா வந்தால்தான் தகுதி கிடைக்கும் என்றால், இழப்பீட்டு பாக்கியைத் தீருங்கள், பதிவில் முடிவு விடுபட்ட வழக்குகளை எழுத்தரிடம் சொல்லி நிரப்புங்கள், பெயர்ப் பிழைகளைத் திருத்துங்கள். சட்டம் வரும் நாளில் கணினி தாண்டிப் போகாத பட்டியலில் உங்கள் வழக்கு இருக்க இவை மூன்றும் வேண்டும். பல மாவட்டங்களில் சட்ட உதவி அமைப்புகளும் சட்டக் கல்லூரிகளும் கட்டணமின்றி அழிப்பு முகாம் நடத்துகின்றன. அங்கே போகும்போது வழக்கு எண்களையும் அட்டவணையையும் எழுதிக்கொண்டு போங்கள்; இருபது நிமிடத்தில் தகுதியைச் சொல்லிவிடுவார்கள்.